எழுதுவதும் எழுத மறுப்பதும்

கொட்டச்சேட்டு மலைப்பாதையில் இறங்கினால் சேலம். அங்குள்ள மத்தியச் சிறையில், 1950 பிப்ரவரி 11 அன்று, காவலர் சுட்டதில் 22 பொதுவுடைமைக் கைதிகள் மாண்டனர். அந்தக் கொந்தளிப்பினிடையே, மார்ச் 1 அன்று, பம்பாயிலிருந்து வந்த 'கிராஸ் ரோட்ஸ்' என்னும் இடதுசாரி வார இதழைச் சென்னை அரசு தடைசெய்தது. பொதுப் பாதுகாப்பும் பொது அமைதியும் அது காட்டிய காரணங்கள்.

அவ்விதழின் ஆசிரியர் ரொமேஷ் தாப்பர் உச்ச நீதிமன்றம் சென்றார். இதழைப் பரப்புவதும் பேச்சுரிமையே என்று, மே 26 அன்று, நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு தடையை நீக்கிற்று. மறு ஆண்டே முதல் அரசியல் சட்டத் திருத்தம் 'பொது ஒழுங்கு' என்னும் காரணத்தைச் சேர்த்தது. ஆயினும் கட்டுப்பாடு நியாயமானதாயிருத்தல் வேண்டும் என்றும் விதித்தது. உரிமை குறுகியது; அதற்கோர் அரணும் கிடைத்தது.

தாப்பர் தம் துணைவியார் ராஜ் தாப்பருடன் 1959இல் 'செமினார்' இதழைத் தொடங்கினார். மாதம் ஒரு பொருள். அதைப் பற்றிப் பலர் கருத்து. நெருக்கடிநிலைக் காலத்தில், 1976இல், முன்தணிக்கைக்கு உட்படுமாறு ஆணை வந்தது. உட்படாமல் இதழையே நிறுத்தினர். 1977இல் அது மீண்டும் வெளிவந்தது.

நீதிமன்றம் காத்த உரிமையை நாடாளுமன்றம் சுருக்கலாம். ஆணை ஒன்று முடக்கலாம். அப்போது எழுத மறுப்பதும் ஓர் எழுத்தே அன்றோ?