வினா எழுந்த வகுப்பறை

1975 ஆகஸ்டு முதல் நாள் தொடங்கி ஓராண்டுக் காலம், அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றன் துணையால், நம் நாட்டின் ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 சிற்றூர்களுக்குத் தொலைக்காட்சி வழியே கல்வி சென்றது. பள்ளிச் சிறுவர் அறிவியலைத் திரையிற் கண்டனர். ஆயினும், ஐயம் எழுந்தபோது திரையை வினவ வழியில்லை.

2004 செப்டம்பர் 20 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நாம் ஏவிய எஜுசாட், அக்குறையை ஓரளவு நீக்கிற்று. இருவழித் தொடர்பு பெற்ற வகுப்புகளில் மாணவர் வினவினர். தொலைவிலிருந்த ஆசிரியர் விடையிறுத்தார்.

இன்று அவ்வசதியை இணையம் நம் கையிலேயே தருகிறது. கருவியை இயக்கக் கற்பித்தால் மட்டும் போதுமா? வினவும் துணிவையும், கிடைத்த விடையை ஆராயும் பழக்கத்தையும் மாணவர்க்கு நாம் ஊட்டுதல் வேண்டும். இன்றேல், புதிய கருவியும் பழைய திரையாகவே நின்றுவிடும்.