முடிச்சு என் கையில்

கிண்டி ரேஸ் கோர்ஸ் வாசலுக்கு எதிரே, சாலையோர மரத்தடியில் நான் பல மத்தியானங்கள் உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே போனதில்லை. அப்போது எனக்குப் பதின்மூன்று, பதினாலு வயசு. எனக்கு ஒரே வேலைதான். மாமா கொடுத்துவிட்டுப் போகும் துணி முடிச்சைக் கால்சட்டைப் பையில் போட்டு, அவர் வெளியே வரும்வரை அதன்மேல் கையை வைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

மாமா என் அம்மாவின் தம்பி. முட்டுக்காட்டில் படகு வைத்திருந்தார். இன்றைக்கு முட்டுக்காடு என்றால் 1984இல் வந்த படகு இல்லமும், தட்சிணசித்ராவும், கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஞாயிற்றுக்கிழமை கார் வரிசையும்தான் நினைவுக்கு வரும். அதற்கு முன்னால் எங்கள் ஊருக்குப் படகு என்றால் சரக்குப் படகு. உப்பங்கழி வழியாக வரும் பக்கிங்காம் கால்வாயில் தெற்கே மரக்காணத்திலிருந்து உப்பு வரும். எங்கள் பக்கத்துத் தோப்புகளிலிருந்து சவுக்கு விறகு வடக்கே பட்டணத்துக்குப் போகும். காற்று இருந்தால் பாய், இல்லாவிட்டால் கழி, அதுவும் முடியாவிட்டால் கரையில் நடந்தபடி கயிறு கட்டி இழுப்பார்கள். மயிலாப்பூர் பக்கத்து விறகுத் தொட்டியில் சுமையை இறக்கிக் காசு வாங்கிய பிறகு, அன்று ரேஸ் நாளாக இருந்தால், மாமாவின் கால் தானாகக் கிண்டிப் பக்கம் திரும்பும். லீவு நாளென்றால் நானும் கூடப் போவேன்.

காசைப் பிரிப்பதில் அவருக்கு ஒரு கண்டிப்பு உண்டு. படகுக்கூலியில் கூட்டாளிகள் இரண்டு பேரின் பங்கு, வீட்டு அரிசிப் பணம், படகுக்குக் கீல் பூசுவதற்கென்று ஒதுக்கியது எல்லாம் காடாத்துணி முடிச்சுக்குள் போய்விடும். முடிச்சு என் கைக்கு வரும். சட்டைப்பையில் பத்து ரூபாய் மட்டும் மிஞ்சும். அதில் இரண்டு அஞ்சு ரூபாய் டிக்கெட். ஏழு ரேஸ் ஓடினாலும் இரண்டில்தான் கட்டுவார், மற்ற ஐந்தையும் வேடிக்கை பார்ப்பார். ஜெயித்தால் வந்த பணத்தைத் திரும்ப உள்ளே விடமாட்டார். தோற்றால் அடுத்த ரேஸில் கூட்டிக் கட்டமாட்டார். சாயங்காலம் படகில் அரிக்கேன் வெளிச்சத்தில் ஒரு பள்ளிக்கூட நோட்டில் தேதி, குதிரை, கட்டியது, வந்தது என்று நாலு கலம் எழுதுவார். முப்பத்தைந்து வருஷம் வங்கியில் கேஷியராக உட்கார்ந்தவன் சொல்கிறேன், அவ்வளவு சுத்தமான பேரேட்டை அதிகம் பார்த்ததில்லை.

கிண்டியில் குதிரை ஓட ஆரம்பித்தது 1777இல். மெட்ராஸ் ரேஸ் கிளப் அமைந்தது 1896இல். வெள்ளைக்காரத் துரைகளும் ஜமீன்தார்களும் தொடங்கிவைத்த விளையாட்டு, படகுக்காரர் வரைக்கும் இறங்கி வந்ததற்கு முக்கியக் காரணம் டோட். 1860களில் பாரிஸில் ஜோசப் ஓலர் என்பவர் வகுத்த முறை அது. எல்லோரும் கட்டும் பணத்தை ஒரே குவியலாகச் சேர்த்து, கிளப்பின் பங்கையும் அரசாங்க வரியையும் எடுத்துக்கொண்டு, மீதியை ஜெயித்த டிக்கெட்டுகளுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். புக்கியோடு பேரம் பேசத் தெரியாதவனும் ஜன்னலில் காசை நீட்டி டிக்கெட் வாங்கலாம். ஆனால் குவியலில் முதல் கை வைப்பது நடத்துகிறவன். நூற்றுக்கு இருபது எடுக்கிறான் என்று வையுங்கள். உள்ளே வந்த அத்தனை பேரும் சேர்ந்து நூறு கட்டி எண்பதைத்தான் பங்கு போட்டுக்கொள்ள முடியும். இது புதிதும் அல்ல. சூதாட்ட மேற்பார்வையாளன் ஜெயித்தவனிடம் நூற்றுக்கு ஐந்து வாங்கிக்கொள்ள வேண்டும் என்று அர்த்தசாஸ்திரமே விதித்திருக்கிறது. கௌடில்யர் கொஞ்சம் இரக்கக்காரர் என்றுதான் சொல்ல வேண்டும்.

நம் ஊர்ச் சட்டத்தில் ஒரு வேடிக்கை இருந்தது. பட்டணத்துக்கு 1888ஆம் வருஷத்து நகரப் போலீஸ் சட்டம், வெளியூருக்கு 1930ஆம் வருஷத்து சூதாட்டச் சட்டம். திண்ணையில் காசு வைத்துச் சீட்டாடினால் போலீஸ் வரும். குதிரைக்கு மட்டும் விலக்கு. அந்த விலக்குக்கும் வேலி உண்டு. ரேஸ் ஓடுகிற அதே தேதியில், மைதானத்து எல்லைக்குள் அதற்கென்று ஒதுக்கிய இடத்தில்தான் பந்தயம் கட்டலாம். வேலி போட்டவர்கள் என்ன நினைத்துப் போட்டார்களோ, மாமாவின் பையை அதுதான் பாதிக் காப்பாற்றியது. முட்டுக்காட்டில் இருந்துகொண்டு அவரால் ஒரு காசு கட்ட முடியாது. படகு வடக்கே போக வேண்டும், விறகு இறங்க வேண்டும், அன்றைக்கு ரேஸ் இருக்க வேண்டும். ஏழாவது ரேஸ் முடிந்தால் ஜன்னல் மூடிவிடும். மிச்சத்தைக் காப்பாற்றியது முடிச்சு.

ஒரு நாள் தவிர. 1972, தை மாதம் என்று நினைவு. மாமாவிடம் யாரோ ஒரு லாயத்து ஆள் ‘டிப்ஸ்’ சொல்லியிருந்தான். முதல் ரேஸிலேயே பத்து ரூபாயும் ஒரே குதிரைமேல் போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் வாசலுக்கு வந்தார். முகத்தில் கோபமோ பதற்றமோ இல்லை. அதுதான் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

“டேய், முடிச்ச குடு.”

“மாமா, அது கூலிப் பணம்...”

“தெரியும்டா. இப்ப வந்துடும். குடு.”

கொடுத்தேன். உள்ளே 150 ரூபாய் இருந்தது. இருபது கட்டினார், போனது. நாற்பது, அதுவும் போனது. எண்பது, அதுவும். கையில் மிஞ்சிய பத்தை ஐந்தாவது ரேஸில் கட்டிவிட்டு வெளியே வந்தார். தோற்றதை இரட்டிப்பாக்கிக் கட்டினால் எப்போதாவது ஒரு தடவை ஜெயித்து எல்லாம் திரும்பிவிடும் என்ற கணக்கு உலகத்தில் எல்லா ஊரிலும் உண்டு. பத்தில் ஆரம்பித்தால் ஏழாவது கட்டு 640 ரூபாய். அதையும் சேர்த்துப் போட்டது மொத்தம் 1,270. ஏழாவதில் ஒன்றுக்கு இரண்டாகத் திரும்பி வந்தால்கூட லாபம் பத்தே ரூபாய்தான். அந்தப் பத்து ரூபாய்க்காக ஒரு மனுஷன் கூட்டாளியின் கூலியைத் தொடுகிறான்.

அன்று ராத்திரி படகில் யாரும் பேசவில்லை. கூட்டாளிகளின் பங்கை மாமா ஐந்து மாசத்தில் அடைத்தார். அதற்கப்புறம் முடிச்சு என் கைக்கு வரவில்லை. விறகுத் தொட்டிக்காரரிடமே பணத்தை விட்டுவிட்டு, “நாளைக்குக் காலைலதான் குடுக்கணும், நானே வந்து கேட்டாலும் இன்னிக்குக் குடுக்காதீங்க” என்று சொல்லிவிட்டுப் போவார். பதினாலு வயசுப் பையன் மாமாவுக்கு மறுப்புச் சொல்ல முடியாது என்பது அவருக்குப் புரிந்துவிட்டது.

பந்தயப் பணத்தை எவ்வளவு கட்டலாம் என்பதற்கு ஒரு விஞ்ஞானியும் சூத்திரம் எழுதியிருக்கிறார். 1956இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஜான் கெல்லி. உனக்கு எதிராளியைவிட எவ்வளவு கூடுதலாகத் தெரியுமோ, கையிருப்பில் அந்த அளவுக்குத் தக்க பங்கை மட்டும் கட்டு என்பது அதன் சாரம். வங்கியில் இருந்தபோது அதைப் படித்துவிட்டு மாமாவின் நோட்டை வைத்துப் போட்டுப் பார்த்தேன். விடை சைபர். அவருக்குக் குதிரையைப் பற்றி மற்றவர்களைவிடக் கூடுதலாக ஒன்றும் தெரியாது, நடத்துகிறவனின் பங்கோ முதலிலேயே போய்விடுகிறது. சூத்திரத்தின்படி அவர் மரத்தடியில் என்னோடு உட்கார்ந்திருக்க வேண்டியவர்.

அப்புறம் நடந்தது தெரிந்த கதை. 1974இல் கலைஞர் ஆட்சியில் குதிரைப் பந்தயத்தைத் தடைசெய்யச் சட்டம் வந்தது, கிளப் நீதிமன்றம் போனது, குதிரைகள் ஓடிக்கொண்டேயிருந்தன. 1986இல் எம்.ஜி.ஆர். அரசு கிளப்பையே கையகப்படுத்தச் சட்டம் போட்டது. 1996 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயம் திறமை விளையாட்டு, சூது அல்ல என்று தீர்ப்புச் சொன்னது. குதிரைக்கும் ஜாக்கிக்கும் திறமை உண்டு, சரி. அஞ்சு ரூபாய் கட்டின படகுக்காரருக்கு என்ன திறமை என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. இதற்கெல்லாம் முன்பே 1968இல் அரசாங்கமே ஒரு ரூபாய்ப் பரிசுச்சீட்டை ஊர் ஊராக அனுப்பியது. கடைசியில் 2003இல் லாட்டரி மொத்தமாகத் தடையானது. ரேஸுக்கு நாமாகப் போக வேண்டும். லாட்டரி டீக்கடைக்கே வந்தது. போன் படுக்கைக்கே வந்துவிட்டது.

என் தங்கை பேரன் ஒருவன் கிரிக்கெட்டில் கட்டிய கணக்கை இரண்டு வருஷத்துக்கு முன்னால் என்னிடம் கொண்டுவந்தார்கள். கேஷியர் புத்தி, தொகையைவிட நேரத்தைத்தான் முதலில் பார்த்தேன். ராத்திரி 1:12, 1:15, 1:16, 1:20. மாமாவின் ஒரு சீசனில் இருந்ததைவிட அந்த ஒரே ராத்திரியில் வரிகள் அதிகம். நூறு, இருநூறு, நானூறு, எண்ணூறு. அதே ஏணி, வாசலுக்கு வந்து முடிச்சு கேட்க வேண்டிய அவசியம் மட்டும் இல்லை.

2025 பிப்ரவரியில் தமிழ்நாடு இணையவழி விளையாட்டு ஆணையத்தின் விதிமுறைகள் வந்தன. ரம்மி மாதிரியான பண விளையாட்டுகளை நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை மூட வேண்டும். ஆடுகிறவன் நாளுக்கு, வாரத்துக்கு, மாதத்துக்கு இவ்வளவுதான் என்று வரம்பு வைத்துக்கொள்ள வழி வேண்டும். போட்ட பணம் எவ்வளவு என்று திரையில் காட்ட வேண்டும். அதே வருஷம் ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்றது. படித்தபோது சிரிப்பு வந்தது. ஜன்னல் மூடும் நேரம், பத்து ரூபாய்ச் சட்டைப்பை, நாலு கலம் நோட்டு, மூன்றும் அதில் இருந்தன. ஆகஸ்டில் மத்திய அரசு இணையப் பண விளையாட்டையே தடைசெய்து சட்டம் கொண்டுவந்தது. வீட்டில் இந்தப் பழக்கத்தோடு ஒரு பையன் இருந்தால் சட்டத்தை மட்டும் நம்பாதீர்கள். அவன் சம்பளப் பணத்தை, மறுக்கத் தெரிந்த ஒருவர் கையில் வைக்கச் சொல்லுங்கள். என்னைப் போன்ற பையன் கையில் வேண்டாம்.

கிண்டி நிலத்தை 2024 செப்டம்பரில் அரசு முத்திரை வைத்துத் திரும்ப எடுத்தது. 160 ஏக்கர் 86 சென்ட்; 1946 முதல் 99 வருஷக் குத்தகை, வருஷத்துக்கு 614 ரூபாய் சொச்சம். மாமாவின் படகு அதற்கு எத்தனையோ வருஷம் முன்பே உப்பங்கழிக் கரையில் மக்கிப் போனது. நோட்டு மட்டும் என்னிடம் இருக்கிறது. எட்டு சீசன், 118 ரேஸ் நாள். அவர் கடைசிவரை கூட்டிப் போடவில்லை. அவர் போன பிறகு நான் கூட்டினேன். நஷ்டம் 412 ரூபாய். அதில் 160, நான் முடிச்சைக் கொடுத்த அன்று போனது.