வணங்குதலும் குழைதலும்: ஓர் ஆங்கிலச் சொல்லின் வரலாறு

ஆங்கிலத்தில் உடலசைவைக் குறிக்கும் சொற்கள் பலவும் தம் பழைய பொருளை மறந்தவை. நடத்தலைக் குறிக்கும் ‘வாக்’ என்னும் சொல் பழைய ஆங்கிலத்தில் புரள்வதையும் அலைக்கழிவதையும் குறித்தது. குதிரையின் மிதமான ஓட்டமான ‘கேன்ட்டர்’, கேன்டர்பரிக்கு யாத்திரை போனவர்களின் குதிரை வேகத்தை எண்ணி ஏற்பட்ட பெயர். பயணத்தைச் சொல்லும் ‘டிராவல்’, கடும் உழைப்பையும் வேதனையையும் குறித்த பிரெஞ்சுச் சொல்லிலிருந்து பிறந்தது. இவற்றை மறந்ததால் எவருக்கும் நட்டமில்லை. ஆனால் ஒரு சமூகத்தின் உடலசைவை இன்னொரு சமூகம் பார்த்துப் பெயர் சூட்டும்போது நிலைமை அப்படியன்று. பார்த்தவரின் தீர்ப்பும் அச்சொல்லுக்குள் புகுந்துவிடுகிறது.

இரண்டு சொற்களை அருகருகே வைத்துப் பார்ப்போம். ஒன்று ‘கர்ட்ஸி’. ஆங்கிலேயப் பெண்கள் அரச குடும்பத்தார் முன் முழங்காலை மடித்து உடலைத் தாழ்த்தும் வணக்கம் அது. நற்பண்பைக் குறிக்கும் ‘கர்ட்டஸி’ என்ற சொல்லே 16ஆம் நூற்றாண்டில் குறுகி இவ்வாறு ஆயிற்று. மற்றொன்று ‘கௌடௌ’. மண்டியிட்டு நெற்றியைத் தரையில் படவைக்கும் சீன வணக்கத்தின் பெயர். தலையைத் தட்டுதல் என்பது நேர்ப்பொருள். இன்றைய ஆங்கிலத்தில் இதற்கு அடிமைபோல் குழைதல் என்றே பொருள். இரண்டுமே உடலைத் தாழ்த்தும் செயல்கள்தாம். ஒன்று பண்பாகவும் மற்றது இழிவாகவும் ஆனது எப்படி?

இதற்கான விடை 1793ஆம் ஆண்டில் இருக்கிறது. வணிகச் சலுகைகளையும் பீக்கிங்கில் நிலையான தூதரையும் வேண்டி பிரிட்டிஷ் அரசு ஒரு தூதுக்குழுவை அனுப்பியது. தலைமை ஏற்றவர் ஜார்ஜ் மெக்கார்ட்னி. 1781 முதல் 1785 வரை சென்னையில், புனித ஜார்ஜ் கோட்டையில் ஆளுநராக இருந்தவர் என்பதால் நமக்கும் அந்நியரல்லர்.

சியான்லுங் பேரரசரின் முன் செல்பவர் மும்முறை மண்டியிட்டு, ஒவ்வொரு முறையும் மூன்று தடவை நெற்றியால் தரையைத் தொட வேண்டும் என்பது அவை மரபு. மெக்கார்ட்னி மறுத்தார். தமக்கு நிகரான ஒரு சீன அதிகாரி மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் படத்துக்கு முன் அதையே செய்தால் தாமும் செய்வதாகச் சொன்னார். அதற்குச் சீனத் தரப்பு இணங்கவில்லை. கடைசியில் செப்டம்பர் 14 அன்று ஜேஹோலில், தம் அரசருக்குச் செய்வதுபோல் ஒற்றை முழங்காலில் வணங்கியதாக அவர் எழுதிவைத்தார். ஒற்றைக் காலை மடித்தால் கௌரவம். இரண்டையும் மடித்தால் அவமானம். எல்லைக்கோடு அவ்வளவு மெல்லியதாக இருந்தது.

தூதுக்குழு கேட்ட எதுவும் கிடைக்கவில்லை. இதற்கு அந்த ஒற்றை முழங்கால்தான் காரணம் என்று சொல்லிவிடவும் முடியாது. 1795இல் ஐசக் டிட்சிங் தலைமையில் வந்த டச்சுத் தூதுக்குழு மரபின்படியே நெற்றியைத் தரையில் வைத்து வணங்கியது. அவர்களுக்கும் வணிகச் சலுகை ஏதும் கிட்டவில்லை.

மெக்கார்ட்னியுடன் ஜார்ஜ் தாமஸ் ஸ்டாண்டன் என்ற சிறுவன் போயிருந்தான். கப்பலிலேயே சீனம் கற்று, பேரரசரிடம் அம்மொழியில் பேசிப் பரிசும் பெற்றவன். 1816இல் ஆம்ஹர்ஸ்ட் பிரபுவின் தூதுக்குழுவில் அவரே மூத்த அதிகாரியாகத் திரும்பி வந்தார். அந்த வணக்கத்தைச் செய்யக் கூடாது என்று அறிவுறுத்தியவர்களில் சீனம் அறிந்த அவரும் ஒருவர். பேரரசரைக் காணாமலே அக்குழு திருப்பி அனுப்பப்பட்டது.

‘கௌடௌ’ ஆங்கில நூல்களில் இடம்பெற்றதும், விரைவில் வசைச்சொல்லாக மாறியதும் இந்தக் காலத்தில்தான். 1841இல், அபினிப் போர் நடந்துகொண்டிருக்கையில், முன்னாள் அமெரிக்க அதிபர் ஜான் குவின்சி ஆடம்ஸ், போரின் உண்மையான காரணம் அபினியன்று, இந்த வணக்கமே என்று சொற்பொழிவாற்றினார். அபினி விற்ற பழி ஓர் உடலசைவின்மேல் ஏற்றப்பட்டது.

சீனருக்கோ அது பேரரசருக்கு மட்டும் உரிய வணக்கமன்று. புத்தாண்டில் பெற்றோரையும், கல்வி தொடங்கும்போது ஆசிரியரையும், சாவு வீட்டில் மறைந்தவரையும் அப்படித்தான் வணங்கினார்கள். அன்பும் நன்றியும் துயரமும் கொண்டிருந்த அசைவு அது. ஆங்கிலத்துக்குப் போனபோது அவையெல்லாம் உதிர்ந்து, தூதர்களின் மனக்கசப்பு மட்டும் எஞ்சியது.

இது நம்மைத் தொடும் இடம் ஒன்று உண்டு. சீன இலக்கியம் பெரும்பாலும் ஆங்கிலம் வழியாகவே தமிழுக்கு வந்திருக்கிறது. தந்தையின் சவப்பெட்டி முன் நெற்றி தரையில் பட வணங்கும் மகனைப் பற்றி ஒரு கதை பேசுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் ‘கௌடௌ’ என்றிருக்கும். அகராதியை மட்டும் நம்பும் மொழிபெயர்ப்பாளர் கூழைக்கும்பிடு என்று எழுதிவிட்டால், அந்த மகனின் துயரம் கேலியாகிவிடும். விழுந்து வணங்கினான் என்று எழுத நமக்குச் சொல் இருக்கிறது. சாஷ்டாங்க நமஸ்காரத்தையும், தெண்டனிடுதலையும், திருமண வீட்டில் பெரியவர்கள் காலில் விழுந்து ஆசி பெறுவதையும் அறிந்த மொழி, இதற்காக ஆங்கிலத்தின் கண்ணைக் கடன் வாங்க வேண்டியதில்லை.

ஆங்கிலேயரை மட்டும் குறைசொல்வதும் நேர்மையாகாது. அமைதி உண்டாகட்டும் என்று வாழ்த்தும் அரபுச் சொல்லை எடுத்துக்கொண்ட நாம், ‘சலாம் போடுகிறான்’ என்று அதை இச்சகம் பேசுகிறவனுக்கு உரியதாக்கினோம். மண்ணடித் தெருவில் ஒருவர் இன்னொருவருக்குச் சொல்லும் சலாமில் அந்த இழிவு எதுவும் இல்லை. அதைச் சேர்த்தவர்கள் தள்ளி நின்று பார்த்த நாம்தான்.