கோவிலம்பாக்கம் சுற்றுவட்டார அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகள்

கோவிலம்பாக்கம் சென்னையின் தென்புறநகரில் உள்ள ஊர். மேடவாக்கம் சாலையும் பல்லாவரம்–துரைப்பாக்கம் 200 அடி சாலையும் இங்கே சந்திக்கின்றன. பரங்கிமலை ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்த இவ்வூர், காஞ்சிபுரம் மாவட்டம் பிரிக்கப்பட்ட 2019 நவம்பர் 29 முதல் செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ளது. தாம்பரம், பல்லாவரம், மேடவாக்கம், பெரும்பாக்கம் வட்டாரத்து அரசுப் பள்ளிகளின் மாணவர் பின்னணியையும், மாநில அளவிலான தேர்ச்சி நிலையையும் இக்கட்டுரை விவரிக்கிறது.

நிர்வாகம்

தமிழ்நாட்டில் உயர்நிலைப் பள்ளி பத்தாம் வகுப்போடு முடிகிறது. 1978-இல் அறிமுகமான மேல்நிலைக் கல்வி பன்னிரண்டாம் வகுப்பு வரை செல்கிறது. மாவட்ட அளவில் முதன்மைக் கல்வி அலுவலரும், அவருக்குக் கீழே மாவட்டக் கல்வி அலுவலர்களும் பள்ளிகளைக் கண்காணிக்கின்றனர்.

எல்லைகள் இங்கே நெருக்கமாகப் பின்னிக் கிடக்கின்றன. கோவிலம்பாக்கத்துக்கு ஒரு பக்கம் உள்ள பள்ளிக்கரணை சென்னை மாநகராட்சிக்கு உட்பட்டது. மறுபக்கத்துக் கீழ்க்கட்டளை, 2021 நவம்பரில் உருவான தாம்பரம் மாநகராட்சியில் சேர்ந்தது. மாணவர்களும் பெற்றோரும் இந்த எல்லைகளைப் பார்த்துப் பள்ளியைத் தேர்ந்தெடுப்பதில்லை. பேருந்து வசதி, விரும்பும் பாடப்பிரிவு, ஆங்கில வழி வகுப்பு ஆகியவையே முடிவு செய்கின்றன. மேடவாக்கம், பெரும்பாக்கம் அரசு மேல்நிலைப் பள்ளிகளும், பல்லாவரம் மறைமலை அடிகள் அரசு மேல்நிலைப் பள்ளியும், கிழக்குத் தாம்பரத்தின் கார்லி போன்ற அரசு உதவி பெறும் பள்ளிகளும் இவ்வட்டாரத்தில் உள்ளன.

மாணவர் பின்னணி

2011 கணக்கெடுப்பில் அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தின் மக்கள்தொகை 39,98,252, எழுத்தறிவு 84.49 விழுக்காடு. மாநிலச் சராசரியான 80.09 விழுக்காட்டைவிட இது அதிகம். ஆனால் மாவட்டச் சராசரியை வைத்து அரசுப் பள்ளி வகுப்பறையை அளக்க முடியாது. வசதியுள்ள குடும்பங்களில் பெரும்பாலானவை பிள்ளைகளை மெட்ரிக், சி.பி.எஸ்.இ. பள்ளிகளுக்கு அனுப்புகின்றன. அரசுப் பள்ளிக்கு வருபவர்களில் பலர் கட்டுமானத் தொழிலாளர்கள், வீட்டு வேலை செய்வோர், ஆட்டோ ஓட்டுநர்கள், காவலாளிகள், சிறு வியாபாரிகள் ஆகியோரின் பிள்ளைகள். வீட்டில் முதன்முதலாகப் பத்தாம் வகுப்பைத் தாண்டுபவர்களும் இவர்களில் உண்டு.

பெரும்பாக்கத்தின் நிலை தனியாகச் சொல்லத்தக்கது. கூவம், அடையாறு கரைகளில் வாழ்ந்த குடும்பங்கள், குறிப்பாக 2015 பெருவெள்ளத்துக்குப் பிறகு, இங்குள்ள அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்டன. கல்வியாண்டின் நடுவில் வீடு மாறும்போது மாற்றுச் சான்றிதழ், புதிய பள்ளி, புதிய ஆசிரியர் என்று எல்லாம் ஒரே நேரத்தில் வந்து சேரும். பெற்றோரின் வேலை நகரத்திலேயே தங்கிவிட, பிள்ளைகளின் படிப்பு பாதியில் நின்றுபோகும் ஆபத்தும் கூடுகிறது.

பீகார், ஒடிசா, மேற்கு வங்கத் தொழிலாளர்களின் குழந்தைகளும் இவ்வட்டாரப் பள்ளிகளில் சேர்கிறார்கள். 2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் பத்தாம் வகுப்பு வரை தமிழைக் கட்டாயப் பாடமாக்கியது. எனவே வேற்றுமொழி பேசும் வீட்டிலிருந்து வந்து நடுவகுப்பில் சேரும் குழந்தைக்குத் தமிழாசிரியரின் தனிக்கவனம் தேவைப்படுகிறது.

தேர்ச்சி நிலை

மாநில அளவில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி 2023-இல் 94.03, 2024-இல் 94.56, 2025-இல் 95.03 விழுக்காடு. 2025-இல் அரசுப் பள்ளிகள் 91.94 விழுக்காட்டையும், அரசு உதவி பெறும் பள்ளிகள் 95.71 விழுக்காட்டையும், தனியார் பள்ளிகள் 98.88 விழுக்காட்டையும் எட்டின. மாணவியர் 96.70, மாணவர் 93.16. அதே ஆண்டு பத்தாம் வகுப்பிலும் இத்தகைய இடைவெளி உண்டு: மாணவியர் 95.88, மாணவர் 91.74. குடும்ப வருமானத்துக்காகப் பகுதி நேர வேலைக்குப் போகும் பையன்கள் இந்த இடைவெளியின் ஒரு முகம்.

தேர்ச்சி விழுக்காடு, தேர்வு எழுதியவர்களை மட்டுமே கணக்கில் கொள்கிறது. 2023 மார்ச்சில் பன்னிரண்டாம் வகுப்பு மொழிப்பாடத் தேர்வுக்கு மாநிலம் முழுவதும் சுமார் 50 ஆயிரம் பேர் வரவில்லை. அந்த ஆண்டின் 94.03 விழுக்காட்டில் அவர்களுக்கு இடமில்லை. தனியார் பள்ளி மதிப்பெண் பார்த்து மாணவரைத் தேர்ந்தெடுக்கலாம். அரசுப் பள்ளி கதவைத் தட்டுபவர் எவரையும் சேர்த்துக்கொள்கிறது. இந்த வேறுபாட்டை மறந்துவிட்டு இரண்டு எண்களை அருகருகே வைத்து ஒப்பிடுவது ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் இழைக்கும் அநீதி. முதல் மூன்று இடங்களை அறிவிக்கும் வழக்கத்தை 2017-இல் அரசு கைவிட்டது இந்தப் போட்டி மனப்பான்மையைத் தணிக்க உதவியது.

உயர்கல்வி வாய்ப்பு

அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020-இல் சட்டமானது. 2021-இல் இது பொறியியல், வேளாண்மை, சட்டம் உள்ளிட்ட தொழிற்படிப்புகளுக்கும் விரிந்தது. கல்லூரியில் சேரும் மாணவியருக்கு மாதம் ரூ.1,000 வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரிலும், மாணவருக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டிலும் தொடங்கின. இவற்றுக்கான அடிப்படைத் தகுதி ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருப்பது; இரு உதவித்தொகைத் திட்டங்களும் அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தோருக்கும் உண்டு. இடையில் தனியார் பள்ளிக்கு மாற நினைக்கும் பெற்றோர் இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும்.

மதிப்பீடு

மக்கள்தொகை விரைந்து பெருகும் புறநகரில் வகுப்பறை, ஆய்வகம், கழிப்பறை, விளையாட்டுத் திடல் ஆகியவற்றின் தேவையும் சேர்ந்தே பெருகுகிறது. 2022-இல் மாநிலமெங்கும் மறுகட்டமைக்கப்பட்ட பள்ளி மேலாண்மைக் குழுக்களில் பெற்றோரே பெரும்பான்மையினர். இத்தேவைகளை எழுத்தில் பதிவு செய்யும் உரிமை அவர்களுக்கு உண்டு. ஒரு பள்ளியின் தரத்தை அறிய மே மாதத் தேர்ச்சி எண் மட்டும் போதாது. ஒன்பதாம் வகுப்பில் பெயர் பதிந்தவர்களில் எத்தனை பேர் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வை எழுதினர், அவர்களில் எத்தனை பேர் கல்லூரியிலோ தொழிற்பயிற்சி நிலையத்திலோ சேர்ந்தனர் என்பதையும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு மாணவருக்கும் கல்வி மேலாண்மைத் தகவல் முறைமையின் (எமிஸ்) எண் வழங்கப்பட்டுள்ளதால் இக்கணக்கை எடுப்பது இயலாத காரியமன்று. பள்ளிவாரியாக அது ஆண்டுதோறும் வெளியிடப்பட்டால், எந்தப் பள்ளிக்குக் கூடுதல் ஆசிரியரும் ஆதரவும் வேண்டும் என்பது தெளிவாகும்.