கணக்குக் கேட்டவர்கள் – 14: மிச்சப் பணம் யாருடையது?

1668 மார்ச் 5, லண்டன். சாமுவேல் பீப்ஸுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இரவெல்லாம் சரியான தூக்கம் இல்லை. கடற்படை நிர்வாகக் குழுவின் செயலர் அவர். இன்னும் சற்று நேரத்தில் நாடாளுமன்றத்தின் காமன்ஸ் சபை முன்னால் நின்று ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். மாலுமிகளுக்குக் காசு கொடுக்காமல் சீட்டு எழுதிக் கொடுத்தது ஏன்?

போகும் வழியில் மதுக்கடையில் சூடான ஒயின் குடித்தார். போதவில்லை. வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்துக்குள் இன்னொரு கடையில் ஒரு மடக்கு பிராந்தி. அதற்குப் பிறகுதான் தெம்பு வந்தது என்று தன் நாட்குறிப்பில் ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருக்கிறார். உள்ளே போனவர் மூன்று மணி நேரத்துக்கு மேல் பேசினார். பிரமாதமாகப் பேசினார் என்று ஊரே பாராட்டியது. ஆனால் அதற்குப் பின்னால் இருந்த கேள்வி அப்படியே நின்றது. போருக்குக் கொடுத்த பணம் எங்கே?

நான்கு ஆண்டுகள் பின்னால் போவோம். டச்சுக்காரர்களோடு கடல் வணிகப் போட்டி முற்றிப் போர் நெருங்கிய நேரம். 1664 நவம்பரில் இரண்டாம் சார்லஸ் மன்னருக்கு நாடாளுமன்றம் 25 லட்சம் பவுண்டை அள்ளிக் கொடுத்தது. அடுத்த ஆண்டே பணம் தீர்ந்துவிட்டது. லண்டனில் கொள்ளைநோய் என்பதால் 1665 அக்டோபரில் நாடாளுமன்றம் ஆக்ஸ்ஃபோர்டில் கூடியது. இன்னும் 12.5 லட்சம் பவுண்டு கொடுக்கச் சம்மதித்தது. இந்த முறை மசோதாவுக்குள் ஒரு விதியும் நுழைந்தது: இந்தப் பணம் போருக்கு மட்டும், வேறெதற்கும் எடுக்கக் கூடாது.

அந்த விதியைக் கொண்டுவந்தவர் சர் ஜார்ஜ் டவுனிங். பிரிட்டிஷ் பிரதமர் வசிக்கும் டவுனிங் தெருவுக்குப் பெயர் தந்தவர் இவர்தான். மன்னரைக் கட்டிப்போடுவது அவர் நோக்கமல்ல. பணம் எதற்குப் போகிறது, எந்த வரிசையில் திரும்பி வரும் என்று சட்டமே சொன்னால் கடன் கொடுப்பவர்கள் நம்பிக் கொடுப்பார்கள் என்பது அவர் கணக்கு. மன்னரும் தலையாட்டினார். முதன்மை அமைச்சர் கிளாரண்டன் மட்டும் முகம் சுளித்தார். மன்னரின் பணத்துக்கு மற்றவர்கள் வேலி போடுவதா?

வேலி போட்டார்களே தவிர காவலுக்கு ஆள் வைக்கவில்லை. கப்பலிலிருந்து இறங்கும் மாலுமி கையில் ஒரு சீட்டைத் திணிப்பார்கள். இத்தனை மாதம் வேலை பார்த்தான், இவ்வளவு பாக்கி என்று அதில் எழுதியிருக்கும். லண்டனுக்குப் போய்க் காட்டினால் காசு தர வேண்டும். ஆனால் அங்கே பெட்டி காலி. வீட்டில் அடுப்பெரிய வேண்டுமே! சீட்டைக் கிடைத்த விலைக்குத் தரகர்களிடம் விற்றுவிட்டுப் போனார்கள்.

1667இல் பெரிய கப்பல்களைக் கடலுக்கு அனுப்பவே பணமில்லை. அவற்றை மெட்வே ஆற்றுக்குள் கட்டிப்போட்டார்கள். ஜூன் மாதம் டச்சுக் கடற்படை ஆற்றுக்குள்ளேயே நுழைந்தது. குறுக்கே கட்டியிருந்த இரும்புச் சங்கிலியை உடைத்தது. பெரும் போர்க்கப்பல்களுக்குத் தீ வைத்தது. ‘ராயல் சார்லஸ்’ கப்பலை இழுத்துக்கொண்டே போய்விட்டது. 1660இல் மன்னரை நாடு திரும்ப அழைத்து வந்த அதே கப்பல்! அதன் பின்புறத்தை அலங்கரித்த அரச சின்னச் சிற்பத்தை இன்றும் ஆம்ஸ்டர்டாம் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். டச்சுக் கப்பல்களின் மேல்தளத்தில் ஆங்கிலக் குரல்களும் கேட்டன என்கிறது பீப்ஸின் நாட்குறிப்பு. முன்பு சீட்டுக்காகச் சண்டை போட்டோம், இப்போது காசுக்காகப் போடுகிறோம் என்ற பொருளில் கத்தினார்களாம்.

நாடாளுமன்றம் கொதித்தது. அந்த ஆண்டே ஒன்பது பேர் கொண்ட கணக்கு ஆணையத்தைச் சட்டம் போட்டு அமைத்தது. அவர்களில் ஒருவர்கூட காமன்ஸ் சபை உறுப்பினர் அல்ல. ஆணையம் உட்கார்ந்த புரூக் மாளிகையின் பெயரே அதற்கு நிலைத்தது. போருக்கான பணத்தில் 5 லட்சம் பவுண்டுக்கு மேல் வேறு வழியில் போயிருக்கிறது என்றது ஆணையம். அதை விசாரித்தது யார் தெரியுமா? மன்னரே தலைமை தாங்கிய ஆலோசனை சபை! 1670 பிப்ரவரியில் மன்னர் நாடாளுமன்றத்துக்கு வந்து, ‘நானே கணக்குப் பார்த்துவிட்டேன், ஒரு காசும் திசைமாறவில்லை’ என்ற பாணியில் பேசினார். கதை முடிந்தது.

பணம் இன்னதற்கு என்று பெயர் சூட்டிவிட்டால் மட்டும் போதாது. பெயர்ப்படி போனதா என்று பார்க்க ஆள் வேண்டும். இதைச் சட்டமாக்க அந்த நாட்டுக்கே 160 ஆண்டுகளுக்கு மேல் ஆனது. 1832இல் கடற்படை அமைச்சர் சர் ஜேம்ஸ் கிரஹாம் தன் துறைக்குத் தானே கடிவாளம் போட்டார். எதற்கென்று ஒதுக்கினார்களோ அதற்குத்தான் செலவானதா என்று தணிக்கை செய்த கணக்கு ஆண்டுதோறும் சபைக்கு வரத் தொடங்கியது. 1846இல் தரைப்படையும் அதற்குள் வந்தது. 1861இல் நிதியமைச்சர் கிளாட்ஸ்டன் பொதுக் கணக்குக் குழுவை அமைத்தார். 1866 சட்டம் தலைமைத் தணிக்கையாளர் பதவியைத் தந்தது.

மிச்சப் பணத்துக்கும் விதி பிறந்தது. மார்ச் 31 அன்று செலவாகாமல் கிடப்பது கருவூலத்துக்குத் திரும்ப வேண்டும். காரணம் எளிது. மிச்சத்தைப் பையில் வைத்துக்கொள்ள முடிந்தால், அடுத்த ஆண்டு சபையின் வாசலில் வந்து நிற்கத் தேவையில்லை. படைகளுக்கு மட்டும் ஒரு சலுகை. கப்பல் கட்டும் தலைப்பில் மிஞ்சியதை உணவுத் தலைப்பின் பற்றாக்குறைக்கு மாற்ற முடிந்தது. ஆனால் கருவூலத்தின் அனுமதி தேவைப்பட்டது. பிறகு சபையும் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

இந்தத் தணிக்கை ஏற்பாடு 1921இல் பொதுக் கணக்குக் குழுவாக இந்தியாவுக்கும் வந்தது. மிச்சப் பணம் திரும்பும் விதியும் இங்கே உண்டு. மார்ச் கடைசியில் அரசு அலுவலகப் பக்கம் போனால், ‘ஃபண்ட் திரும்பிப் போயிடும் சார்’ என்ற பதற்றக் குரல் கேட்கும். ராணுவத்துக்கும் இதே தலைவலிதான். ஒரு பீரங்கி வாங்கப் பேசி முடிக்கவே ஆண்டுகள் ஆகின்றன; பணமோ மார்ச்சோடு போய்விடுகிறது. அதனால்தான் 2004 இடைக்கால பட்ஜெட்டில் நிதியமைச்சர் ஜஸ்வந்த் சிங், காலாவதியாகாத 25,000 கோடி ரூபாய் நிதியை அறிவித்தார். அது உருப்பெறவே இல்லை. காலாவதியாகாத நிதி படைக்கு வசதிதான். ஆனால் ஆண்டுக்கொருமுறை ‘எங்கே?’ என்று கேட்கும் உரிமையில் அந்த அளவுக்குக் கை வைப்பதும் அதுதான்.

அந்த உரிமையையே மீறியவரும் உண்டு. பிரஷ்யாவில், ‘பணம் கொடுக்க மாட்டோம்’ என்று சபை கையை விரித்த பிறகும் நான்கு ஆண்டுகள் வரி வசூலித்து, படையைப் பெருக்கி, போரிலும் வென்று காட்டினார் ஒருவர். அவர் பெயர் பிஸ்மார்க்.

(கணக்கு அடுத்த வாரமும் தொடரும்)