பெட்டியும் நிரலும் – 17: மலம்புழா எம்.எல்.ஏ.

1983 ஜனவரியில் லோட்டஸ் 1-2-3 வந்து ஐபிஎம் பெட்டிகளை அலுவலகம் அலுவலகமாகக் கொண்டுபோய்ச் சேர்த்த கதையை இந்த வாரம் சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தேன். ஆப்பிள்-2க்கு விசிகால்க் செய்த அதே உபகாரம்தான். ஆனால் நடுவில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் போய்வந்தேன். வினை அங்கேதான்.

ஒரு தமிழ்வழிப் பள்ளியின் கம்ப்யூட்டர் அறை. எட்டாம் வகுப்புப் பையன் லேப்டாப்பில் தமிழில் தட்டிக்கொண்டிருந்தான். "விண்டோஸ் எங்கே தம்பி?" என்றேன். கீபோர்டில் அந்த நாலு கட்டச் சின்னத்தைத் தொட்டுக் காட்டி, "இங்க மட்டுந்தானுங்க சார்" என்றான். திரையில் ஓடியது கேரள அரசின் 'கைட்' தரும் க்னூ/லினக்ஸ்.

இதற்காக உழைத்த ஆசிரியர்களும் ஆர்வலர்களும் பலர். என் மனசு போவது வி.எஸ். அச்சுதானந்தனிடம். ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டவர். அண்ணனின் தையற்கடையில் உட்கார்ந்தவர். கயிறு ஆலையில் கூலி பார்த்தவர். 2001 முதல் இருபது வருஷம் பாலக்காட்டின் மலம்புழாவுக்கு எம்.எல்.ஏ. 2006 மே மாதம் முதல்வரானபோது வயது 82. அடுத்த வருஷமே, கட்டற்ற மென்பொருளுக்கு முன்னுரிமை தரும் ஐ.டி. கொள்கை வந்தது.

அதே 2007இல்தான் மூணாறுக்கு ஜேசிபிகள் ஏறின. சுரேஷ்குமார், ராஜு நாராயணசாமி, ரிஷிராஜ் சிங் என்ற மூன்று அதிகாரிகளை 'வி.எஸ்ஸின் பூனைகள்' என்றே ஊர் கூப்பிட்டது. ஆக்கிரமிப்பு ரிசார்ட்டுகள் சரிந்தன. தோழமைக் கட்சியின் அலுவலக வாசலைத் தொட்டதும் கூட்டணிக்குள் கூச்சல். ஜேசிபிகள் மலை இறங்கின. இறக்கியவர்களை நான் மன்னிக்கவில்லை.

மலையில் தோற்ற பிடிவாதம் வகுப்பறையில் ஜெயித்தது. வழக்கமாக சாஃப்ட்வேர் பெட்டியை விற்றுத் தரும். இங்கே எந்தப் பெட்டி வேண்டும் என்று அது தீர்மானித்தது. லினக்ஸில் பிரிண்டர் அசையாத, ஸ்பீக்கர் பேசாத பெட்டியால் இந்தப் பள்ளிகளுக்கு என்ன பிரயோஜனம்? 2019இல் கைட் சொன்ன கணக்கு: இரண்டு லட்சம் கம்ப்யூட்டர்கள், 3,000 கோடி ரூபாய் மிச்சம்.

2011இல் ஆட்சி மாறியது, 2016இல் திரும்ப மாறியது. பள்ளிக் கம்ப்யூட்டரில் லினக்ஸ் மாறவில்லை. வி.எஸ். 2025 ஜூலையில், 101 வயதில் காலமானார்.

லோட்டஸ்? அடுத்த வாரம், நிச்சயமாக.