ஒறேஞ் வம்சமும் மட்டக்களப்புக் கரையும்

கல்முனை, சாய்ந்தமருது, அக்கரைப்பற்று ஆகிய ஊர்கள் 1961 இல் அம்பாறை மாவட்டம் பிரியும்வரை மட்டக்களப்போடுதான் இருந்தன. ஒல்லாந்தின் ஒறேஞ்-நாசவ் குடும்பத்தின் பெயர் இலங்கைக்குள் வந்ததும் இந்த மட்டக்களப்புக் கரை வழியாகத்தான்.

அக்குடும்பத்தின் தலைவர் வில்லியம், ஸ்பானிய மன்னருக்கு எதிராகக் கிளர்ந்தவர்; 1584 இல் சுட்டுக் கொல்லப்பட்டார். போராட்டத்தை அவர் மகன் மொரிஸ் தொடர்ந்தார். 1580 முதல் போர்த்துக்கலும் ஸ்பானிய முடியின் கீழ் இருந்ததால், இலங்கையிலிருந்த போர்த்துக்கேயரும் அவருக்குப் பகைவராயினர். கண்டி அரசுக்கும் அவர்களே பகைவர்.

1602 மே இறுதியில் ஒல்லாந்துக் கடலோடி யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் மட்டக்களப்புக்கு அப்பால் நங்கூரமிட்டார். அங்கிருந்து கண்டிக்குச் சென்று, மொரிஸின் நட்பை விமலதர்மசூரிய மன்னனிடம் தெரிவித்தார். 1600 இல் நியூபோர்ட் போரில் வென்ற மொரிஸ் குதிரைமேல் அமர்ந்திருக்கும் ஓவியமொன்றையும் பரிசளித்தார். மன்னன் அதைத் தன் அறையிலேயே மாட்டிவைத்தான். ஆனால் அடுத்த ஆண்டே உறவு கசந்தது. மட்டக்களப்புக்கு வந்த ஒல்லாந்துத் தளபதி செபால்ட் டி வீர்ட் மன்னனின் ஆட்களால் கொல்லப்பட்டார்.

இடையில் 1626 இல் போர்த்துக்கேயர் தம் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை விரட்டினர். கண்டியின் செனரத் மன்னன் அவர்களில் ஏறத்தாழ 4000 பேரை மட்டக்களப்பில் குடியமர்த்தினான். இப்பகுதி முஸ்லிம்களின் வரலாற்றில் மறக்கக்கூடாத உதவி அது.

மொரிஸின் தம்பி பிரெட்ரிக் ஹென்றி ஒல்லாந்தில் தலைமை வகித்த காலத்தில், 1638 மே மாதம், ஒல்லாந்தர் மட்டக்களப்பின் புளியந்தீவில் இருந்த போர்த்துக்கேயக் கோட்டையைப் பிடித்தனர். கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனுடன் உடன்படிக்கையும் எழுதினர். பிடிபடும் கோட்டைகளில் மன்னன் விரும்பினால் மட்டுமே ஒல்லாந்துப் படை இருக்கலாம் என்றது மன்னனின் பிரதி. ஒல்லாந்தர் வைத்திருந்த பிரதியில் "மன்னன் விரும்பினால்" என்ற பொருள்படும் சொற்களே இல்லை. அந்த இடைவெளியில்தான் பின்வந்த நூற்றைம்பது ஆண்டு ஆதிக்கம் வேர்விட்டது. கண்டி ஏமாற்றப்பட்டது என்றே சொல்ல வேண்டும்.

முடிவும் இதே குடும்பத்தின் கையெழுத்தால் வந்தது. 1795 ஜனவரியில் பிரெஞ்சுப் படை ஒல்லாந்துக்குள் நுழைந்ததும், அப்போது அங்கு தலைமை வகித்த ஐந்தாம் வில்லியம் மீன்பிடிப் படகில் இங்கிலாந்துக்குத் தப்பினார். பெப்ரவரியில் அங்குள்ள கியூ மாளிகையிலிருந்து, குடியேற்றங்களைப் பிரித்தானியரிடம் ஒப்படைக்கும்படி கடிதம் எழுதினார். ஓகஸ்டில் திருகோணமலையும் செப்டெம்பரில் மட்டக்களப்பும் வீழ்ந்தன. 1814 இல் யாவாவைத் திருப்பிக் கொடுக்க இணங்கிய பிரித்தானியர் இலங்கையைக் கொடுக்கவில்லை. ஒல்லாந்தர் விட்டுச்சென்ற ரோமன் டச்சுச் சட்டம் மட்டும் இன்றும் இலங்கை நீதிமன்றங்களில் பொதுச் சட்டமாக நிற்கிறது.